பாட்டன் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?



"உங்க தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார்? எந்த வருஷம் வந்தார்? அதுக்குக் கடுதாசி ஏதும் இருக்கா?"

இந்தக் கேள்வியை இன்றைக்கு நம்மவர்களிடம் மூன்று இடங்களில் கேட்கிறார்கள். ஒன்று, தேசியப் பதிவு இலாகாவில், அம்மாவுக்கோ பிள்ளைக்கோ குடியுரிமை கேட்டுப் போகும்போது. இரண்டு, இந்தியத் தூதரகத்தில், ஓ.சி.ஐ. அட்டைக்கு மனுப் போடும்போது. மூன்று, நம் வீட்டிலேயே. பள்ளிக்கூடத்தில் குடும்ப வரலாறு எழுதி வரச் சொன்னார்கள் என்று பேரப்பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்கிறது. மூன்று இடத்திலும் நம்மிடம் உள்ள பதில் ஒன்றுதான்: "அதெல்லாம் யாருங்க அந்தக் காலத்துல எழுதி வெச்சாங்க?"

எழுதி வைத்திருக்கிறார்கள், தோழர்களே! நமக்காக எழுதவில்லை, அவ்வளவுதான். கப்பல் கூலிக் கணக்குக்காக எழுதினார்கள். பேர்க்கூலிக்காக எழுதினார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்காகவும், கைது செய்வதற்காகவும் எழுதினார்கள். அந்தக் கணக்குகளிலே நம் பாட்டன்மார் துண்டு துண்டாகக் கிடக்கிறார்கள். அந்தத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்ப்பது வேலையற்றவன் வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. இது உரிமைப் பிரச்சினை. ஏன் என்று பார்ப்போம்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2024 அக்டோபரில் நம் நாடாளுமன்ற மக்களவை குடியுரிமை பற்றிய அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. மலேசியத் தாய்க்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கும் தகப்பன் வழிப் பிள்ளையைப் போலவே உரிமை உண்டு என்று ஆக்கியது அதிலுள்ள நல்ல பகுதி. பல தாய்மார்கள் நீண்ட காலம் போராடிப் பெற்றது அது. மனமாரப் பாராட்டுவோம்.

ஆனால் அதே திருத்தத்தில் இன்னொரு பகுதியும் இருந்தது. அதுவரையில், இந்த நாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தாய் தகப்பன் இருவரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் போதும், பிள்ளை குடிமகன். இதில் "நிரந்தரவாசி" என்ற சொல்லை எடுத்துவிடுவது அந்தப் பகுதி. நிரந்தரவாசி என்றால் யார்? பட்டணத்துப் பத்திரிகைகள் வெளிநாட்டுக்காரர்களை நினைத்துக்கொண்டு எழுதின. நமக்குத் தெரியும், அது சிவப்பு ஐசி! அறுபது எழுபது வருஷமாக இந்த மண்ணிலேயே பால் வெட்டி, இந்த மண்ணிலேயே பிள்ளை பெற்று, இன்னமும் சிவப்பு ஐசியைக் கையில் வைத்திருக்கிற நம் கிழவன் கிழவிகள். அவர்களுடைய வழியில் வந்த இளம் குடும்பங்கள். முன்பு பிறந்தவர்களுக்கு இது பொருந்தாது, சட்டம் நடப்புக்கு வந்தபின் பிறப்பவர்களுக்குத்தான் என்றார்கள். சரி. ஆனால் பெற்றவர் இருவருமே சிவப்பு ஐசி என்றால், இனிப் பிறக்கும் பிள்ளைக்கு அந்த வாசல் இல்லை. ஆகவே சிவப்பை நீலமாக்கும் வேலையை இனிமேலும் தள்ளிப்போட முடியாது.

இங்கேதான் பழைய கடுதாசியின் அருமை தெரிகிறது. அரசியல் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஒரு விதி உண்டு. 1957 ஆகஸ்டு 31 அன்றோ அதற்குப் பின்னரோ, 1962 அக்டோபருக்கு முன், இந்தக் கூட்டரசு மண்ணில் பிறந்த எவரும் சட்டப்படி குடிமகனே. தாய் தகப்பன் யார், எந்த ஊர் என்ற கேள்வியே அங்கே கிடையாது. பிறந்தது இங்கே, பிறந்தது அந்தக் காலத்தில் என்று காட்டினால் போதும். காட்ட வேண்டும், அதுதான் விஷயம்! வாயால் சொன்னால் யார் ஏற்பார்கள்?

ஒரு தாயின் விவகாரம்

எங்கள் கிளைக்கு வந்த ஒரு விவகாரத்தைச் சொல்கிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம். செம்பனை வெட்டும் தம்பி ஒருவர் வந்தார். "அண்ணே, எங்கம்மா பேராக்குல தோட்டத்துல பொறந்தவங்க. அறுபத்தொண்ணாம் வருஷம். இன்னும் செவப்பு ஐசிதான். சூராட் பெரானாக் இல்ல. போற எடத்துல எல்லாம் ஆதாரம் கேக்குறாங்க" என்றார்.

பிறப்பைப் பதியாதது ஏன்? அந்தக் காலத்தில் பல இடங்களில் பிறப்பு இறப்பைப் பதிவதற்குப் போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் நடுவே பத்து மைல் செம்மண் சடக்கு. ஒருநாள் போனால் ஒருநாள் பேர் போச்சு. கிராணி பார்த்துக்கொள்வார் என்று விட்டவர்கள் ஆயிரம் பேர்.

சரி, தேட ஆரம்பித்தோம். தோட்டம் விற்கப்பட்டுவிட்டது. ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது கடை வீடுகள். தோட்டத்து ஆஸ்பத்திரி எப்போதோ மூடிவிட்டது. செக்ரோல் புத்தகங்கள் என்ன ஆயின என்று கேட்டால், "ஆபீசைக் காலி பண்ணும்போது எரிச்சாங்க" என்றார் பழைய தண்டல் ஒருவர்.

கை கொடுத்தது எது தெரியுமா? தமிழ்ப்பள்ளி! தோட்டம் போனாலும் பள்ளிக்கூடம் போகவில்லை. பக்கத்துத் தாமானுக்கு இடம் மாறிப் போயிருந்தது. தலைமையாசிரியை இரும்பு அலமாரியைத் திறந்து 1968 ஆம் வருஷத்துச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார். அந்த அம்மாவின் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன் எண், பிறந்த தேதி எல்லாம் ஒரே வரியில் நீல மையில் இருந்தன. அதற்கு மேல் வரியில் அவருடைய சித்தப்பா மகள் பெயர்.

அடுத்து, தகப்பனாரின் சேமநிதி. ஊழியர் சேமநிதி 1951 இல் சட்டமாகி, 1952 முதல் சந்தா பிடித்தார்கள். எந்த முதலாளி, எந்த மாதம் என்று அதில் இருக்கும். இந்த அம்மா பிறந்த வருஷத்தில் தகப்பன் அதே தோட்டத்தில் பேர் போட்டவர் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறென்ன? அந்த அட்டையில் பழைய அடையாளக் கார்டு எண்ணும் இருந்தது. அடையாளக் கார்டு 1948 இல் அவசரகாலத்தில் வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் பெரட்டுக் களத்தில் நிறுத்திப் படம் பிடித்து, கட்டைவிரல் ரேகை வாங்கினார்கள். நம் பாட்டன் பாட்டிகளில் பலருக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் படமே அதுதான். கம்யூனிஸ்டு யார் என்று கண்டுபிடிக்க எடுத்த படம், இன்றைக்குப் பேரனுக்குக் குடியுரிமைச் சாட்சியாக நிற்கிறது!

கடைசியாகத் தாத்தாவின் மரணச் சான்றிதழ். கார்டில் பிறந்த வருஷம் ஒன்று, மரணச் சான்றிதழில் கணக்குப் பார்த்தால் இன்னொன்று. மூன்று வருஷ வித்தியாசம். தம்பி பயந்துபோனார். பயப்பட ஒன்றுமில்லை. அந்தத் தலைமுறையில் வயது என்பது கிராணி பார்த்த மட்டில் எழுதியது. வித்தியாசத்தை மறைக்காமல், இதுவும் இருக்கிறது, அதுவும் இருக்கிறது என்று விளக்கக் கடிதத்தோடு வைத்தோம். மனுப் போட்டாகிவிட்டது. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

கங்காணியின் கணக்கில் பாட்டன்

இங்கே பிறந்த கதை அது. அக்கரையிலிருந்து வந்த கதையைத் தேடுவது இன்னும் கஷ்டம். ஆனாலும் வழி இருக்கிறது. எப்படி வந்தார்கள் என்ற முறை தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரியும்.

சஞ்சிக் கூலியாக ஆள் கொண்டுவருவது 1910 இல் நின்றது. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. தோட்டத்துத் துரை கங்காணிக்கு லைசென்ஸ் கொடுப்பார். கங்காணி தன் சொந்த ஊருக்கும் சுற்றுப்புறத்துக்கும் போய் ஆள் சேர்ப்பார். அந்த ஊர்க் கிராம முன்சீப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ முகாமில் வைத்து, பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர், தாலுக்கா எல்லாம் எழுதிக் கப்பல் ஏற்றுவார்கள். மண்டபம் முகாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது இலங்கைக்குப் போனவர்களுடைய முகாம், நம்முடையது அல்ல. இங்கே வந்து இறங்கியதும் பினாங்கு பக்கம் ஜெரஜாக் தீவிலோ, போர்ட் சுவெட்டன்ஹாமிலோ, அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலோ, நோய்த் தடுப்பு முகாமில் அடைத்து மறுபடியும் எண்ணுவார்கள்.

இந்தக் கப்பல் கூலியை யார் கொடுத்தார்கள்? 1907 இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். தமிழ்த் தொழிலாளர் வேலை செய்த நாள் கணக்கைப் பார்த்து எல்லா முதலாளிகளிடமும் வரி வாங்கினார்கள். ஆகவே ஒவ்வொரு ஆளும் ஒரு செலவுக் கணக்கு. அதனால்தான் எழுதினார்கள்.

இதில் ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். பாட்டன் கங்காணியின் ஊர்க்காரர். ஆகையால் பாட்டனின் ஊர் தெரியாவிட்டாலும், கங்காணி குடும்பத்துக்கு எந்த ஊர் என்று விசாரியுங்கள். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எந்த ஊர் என்று கேளுங்கள். நான் பார்த்த மட்டில், பத்துக்கு ஐந்து ஆறு பேர் ஒரே தாலுக்காவாக இருப்பார்கள்.

இன்னொன்று. ஒருவர் ஒரே தடவைதான் வந்தார் என்று நினைக்காதீர்கள். 1930 முதல் 1932 வரை ரப்பர் விலை தரைமட்டமானபோது ஆயிரக்கணக்கில் நம்மவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியதும் 1934 இல் மறுபடி கூப்பிட்டார்கள். வேண்டும்போது வா, வேண்டாதபோது போ! ஆகவே "தாத்தா முப்பத்தஞ்சுல வந்தார்" என்று ஒருவர் சொல்வார். "எங்கப்பா இருபத்தெட்டுலேயே இங்க பொறந்தார்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். 1938 இல் இந்திய அரசாங்கம் கூலித் தொழிலாளரை இங்கே அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குப் பிறகு வந்தவர்களும், அதற்கு முன்பே கைக்காசு கொடுத்து வந்தவர்களும் அந்த உதவிக் கணக்கில் இருக்க மாட்டார்கள்.

பெயரும் ஊரும் படுத்தும் பாடு

தேடுகிறவர்களைக் களைப்பாக்குவது பெயர்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே டிவிஷனில் மூன்று முனியாண்டி, நான்கு மாரியாயி. ஆங்கிலத்தில் எழுதிய கிராணி காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே ராமசாமி ஒரு புத்தகத்தில் ரெங்கசாமி, இன்னொன்றில் ராமன். ஆகவே தனிப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் ஏமாந்து போவோம். பெயர், தகப்பன் பெயர், தோட்டம், வருஷம், கூட இருந்தவர்கள் என ஐந்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தோட்டத்துக்கும் அப்படியே. கம்பெனிக்காரன் வைத்த பெயர் ஒன்று, நாம் கூப்பிட்ட பெயர் இன்னொன்று. மேட்டுத் தோட்டம், புதுத் தோட்டம் என்று நாம் சொன்னது எந்த அரசாங்கப் புத்தகத்திலும் இருக்காது. பெரியவர்கள் இருக்கும்போதே ஆங்கிலப் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய ஊர்களின் மாவட்டமும் மாறிவிட்டது. "தென்னாற்காடு ஜில்லா, கள்ளக்குறிச்சி தாலுக்கா" என்று பழைய கடிதத்தில் இருக்கும். அது 1993 இல் விழுப்புரம் மாவட்டத்துக்குள் போய், 2019 இல் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டமாகிவிட்டது. "சேலம் ஜில்லா நாமக்கல்" 1997 இல் தனி மாவட்டம். மாவட்டம் மாறினாலும் ஊரும் தபால் ஆபீசும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அங்கே போய் நிலப் பதிவேட்டில் பாட்டன் பெயரைத் தேடி, கிடைக்கவில்லையே என்று சிலர் வருந்துகிறார்கள். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் நிலம் உள்ளவனுடைய கணக்கு. பாட்டனுக்கு நிலம் இருந்திருந்தால் கித்தாக் காட்டுக்கு ஏன் வருகிறார்? அந்தப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லாததே அவர் ஏன் கப்பலேறினார் என்பதற்கு விளக்கம்.

எப்போது பெயரைச் சொல்லி எழுதினார்கள்?

பழைய அரசாங்க அறிக்கைகளைப் புரட்டினால் ஒன்று தெளிவாகும். சாதாரண நாளில் நம்மவர் வெறும் எண்ணிக்கை. குடிமதிப்பில் எண்ணிக்கை. தொழிலாளர் இலாகா அறிக்கையில் எண்ணிக்கை. மலேரியாவில் எந்தத் தோட்டத்தில் எத்தனை பேர் மாண்டார்கள் என்று கிள்ளான் வட்டாரத்தில் டாக்டர் மால்கம் வாட்சன் கணக்கெடுத்து எழுதினார். அதிலும் எண்ணிக்கைதான். ஆயிரத்துக்கு இத்தனை!

பெயர் சொல்லி எழுதியது எப்போது? வேலையை விட்டு ஓடினான் என்று கோர்ட்டில் நிறுத்தியபோது. முதலாளியை எதிர்த்து நின்றபோது. 1941 இல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலை நிறுத்தத்தைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற அவமானத்தை நீக்கச் சொன்னார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அந்த விவகாரத்தைப் பற்றிய கடிதங்களும் அறிக்கைகளும் லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் குடியேற்ற இலாகாக் கோப்புகளாக இருக்கின்றன. தலை குனிந்திருந்தவரை எண்ணினார்கள். தலை நிமிர்ந்தவரைப் பெயர் சொல்லி எழுதினார்கள். சங்கக்காரன் என்ற முறையில் இதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

எழுதாமலே விட்ட இடமும் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயிலுக்குத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தான். 415 கிலோமீட்டர் பாதையை 1942, 1943 இல் போட்டு முடித்தான். தாய்லாந்தில் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்வீரர்களின் கல்லறைகள் ஏறக்குறைய 7,000 இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் செதுக்கியிருக்கிறது. அவர்களைவிட அதிகமாக மாண்ட நம்மவர்களுக்கும் மற்ற ஆசியத் தொழிலாளருக்கும் அப்படிப் பெயர் பொறித்த கல் கிடையாது. மரணப் பதிவும் கிடையாது. பிடித்துக்கொண்டு போன வருஷம், கூடப் போனவர்களின் பெயர், திரும்பி வந்தவர் சொன்னது, இவை மட்டுமே அந்தப் பாட்டன்மாரின் மரணச் சான்றிதழ். குடும்பத்தில் யாருக்காவது தெரிந்தால் இன்றைக்கே எழுதி வையுங்கள்.

நாம் கேட்க வேண்டியது

செக்ரோல் புத்தகங்கள் எங்கே போயின? 1950களிலும் 1960களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது கொஞ்சம் போயின. பிறகு கம்பெனிகள் கைமாறி, ஒன்றோடொன்று இணைந்து, தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களானபோது மிச்சமும் போயின. ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்டு கம்பெனியின் பழைய கோப்புகள் லண்டன் மாநகர ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. லாபக் கணக்குப் பத்திரமாக இருக்கிறது. வேலை செய்தவன் கணக்கு ஆபீஸ் வாசலில் எரிந்தது!

நம் நாட்டில் 2003 ஆம் வருஷத்துத் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம் அரசாங்கப் பதிவுகளைக் கண்டபடி அழிக்கக்கூடாது என்கிறது. தனியார் தோட்டத்தின் சம்பளப் புத்தகத்துக்கு அந்தக் காவல் இல்லை. இனியாவது, ஒரு தோட்டம் விற்கப்பட்டால் அதன் செக்ரோலும் ஆஸ்பத்திரிப் பதிவும் ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று கேட்போம். தொழிலாளிக்கு நஷ்டஈடும் மாற்று வீடும் கேட்கிற அதே மேஜையில் இதையும் வைக்க வேண்டும். ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் மனம் வைத்தால் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் கறையான் தின்பதற்குமுன் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்கலாம். செலவு அதிகமில்லை. ஆனால் அவற்றைக் கண்டவர் கையில் கொடுக்கக்கூடாது. அவை நம் குடும்பங்களின் அந்தரங்கம்.

வீட்டில் செய்யக்கூடியது இது. தகரப் பெட்டியில் இருக்கும் பழைய கடுதாசி எதையும் வீசாதீர்கள். சங்கச் சந்தா ரசீது, சேமநிதி அறிக்கை, சொக்சோ கடிதம், ஊர்க் கடிதத்தின் உறை, கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் சரி. கல்யாணப் பத்திரிகை ஏன் என்றால், 1982 மார்ச்சு முதல் தேதி நடப்புக்கு வந்த சட்டத்துக்கு முன் நம்மவர் கல்யாணங்கள் பெரும்பாலும் கோயிலோடு முடிந்தவை. பதிவு கிடையாது. அந்தப் பத்திரிகையே சாட்சி. அதற்குப் பிறகும் பதியாமல் இருப்பவர்கள் தயவுசெய்து பதியுங்கள். பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளை, சட்டத்தின் கண்ணில் தாயின் குடியுரிமையைப் பார்த்துத்தான் நிற்கும். தாய்க்குக் கடுதாசி இல்லையென்றால் பிள்ளை நடுத்தெருவில்.

பழைய தமிழ்ப் பத்திரிகைகளிலும் மரண அறிவிப்பு, சங்கக் கூட்டச் செய்தி, தோட்டச் செய்தி என்று நம்மவர் பெயர்கள் நிறைய உண்டு. 1924 இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 இல் நின்றுவிட்டது. 1935 இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் கணினியில் ஏற்றியிருக்கிறது. பிள்ளைகளை உட்கார வைத்துத் தேடச் சொல்லுங்கள். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அது பெரிய படிப்பாளிகளுக்கு மட்டும் கட்டிய கட்டடம் அல்ல. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரையும் வருஷத்தையும் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. எழுபது எண்பது வயதில் இருப்பவர்களிடம் இந்த வாரமே உட்கார்ந்து, பெயர், தகப்பன் பெயர், ஊர், தோட்டம், டிவிஷன், கங்காணி பெயர், வந்த வருஷம் ஆகிய ஏழையும் கேட்டு ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். சிவப்பு ஐசிக்காரர்கள், 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 அக்டோபருக்கு முன்வரை இங்கே பிறந்தவர்கள் என்றால், அந்தத் தாளோடு உங்கள் சங்கக் கிளைக்கு வாருங்கள். தனியாகப் போய் அலைந்தவர்கள் போதும். சேர்ந்து போவோம்.